சவுத் பார்க் சரளையில் ஒரு பக்கெட் ஆகர்

மண் துளைக்கும் ஆகர் ஒன்று வாங்கி, இரண்டு கோடைக்காலம் அதோடு மல்லுக்கட்டியாகிவிட்டது. மூன்றேகால் அங்குல வாய் உள்ள பக்கெட் தலை, குறுக்குக் கைப்பிடி, நான்கடி நீட்டுக்கம்பி ஒன்று. வரியோடு சேர்த்து 230 டாலர் சொச்சம். விற்பனைப் படத்தில் ஒருவர் பசேலென்ற புல்வெளியில் நின்றுகொண்டு, தயிரில் கரண்டி விடுவதுபோல் அதை இறக்கிக்கொண்டிருந்தார். படம் எடுத்த இடம் எதுவோ, நிச்சயம் எங்கள் மேடு இல்லை.

எங்கள் மேடு என்பது கொலராடோவில், சவுத் பார்க் என்கிற மலைச்சமவெளியில் இருக்கிறது. நாலு பக்கமும் மலை, நடுவே ஒன்பதாயிரம் அடியை ஒட்டிய உயரத்தில் மரமே இல்லாத புல்வெளி. அதில் ஹார்ட்செல் ஊருக்கு அந்தப்பக்கம் 35 ஏக்கர் வாங்கிப் போட்டிருக்கிறோம். இங்கே நிலம் விற்பவர்கள் எல்லோரும் 35 ஏக்கர், 35 ஏக்கர் என்றே வெட்டி விற்பார்கள். 1972-ல் வந்த மாநிலச் சட்டத்தின்படி அதற்குக் குறையாத துண்டுகளுக்கு கவுண்டியின், அதாவது மாவட்ட நிர்வாகத்தின், மனைப்பிரிவு விதிகள் கிடையாது, அதனால்தான். நான் டென்வரை ஒட்டிய அரோராவில் கணினி முன்னால் உட்கார்ந்து பிழைப்பவள். வார இறுதியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வண்டியோட்டி வந்து, காற்றில் நின்று, திரும்பிப் போவேன்.

ஆகர் எதற்கு என்றால், பக்கத்துப் பண்ணைக்காரர் தன் மாடுகளை எங்கள் நிலத்திலும் மேயவிடலாமா என்று கேட்டார். மேய்ச்சல் நடந்தால் நிலவரி குறையும், எங்களுக்கும் நல்லதுதான். எத்தனை மாடு, எத்தனை நாள் என்று நான் திருப்பிக் கேட்டதற்கு அவர், அதை உன் மண்ணைத்தான் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிவிட்டார். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, மண்ணைக் கேட்கக் கிளம்பினேன்.

முதலில் வெப் சாயில் சர்வே. அமெரிக்க வேளாண்மைத் துறையின் இயற்கைவளப் பாதுகாப்புப் பிரிவு நடத்தும் இணையதளம், காசு கிடையாது. நிலத்தின் எல்லையை வரைந்து கொடுத்தால் அதிலுள்ள மண் அலகுகளைப் பிரித்துக் காட்டி, ஆழம், களி அளவு, கல் அளவு, நல்ல வருஷத்தில் எவ்வளவு புல், வறண்ட வருஷத்தில் எவ்வளவு புல் என்பதுவரை அட்டவணை போட்டுத் தரும். கைப்பேசிக்கு சாயில்வெப் இருக்கிறது, நாம் நிற்கும் இடத்தின் மண்ணைச் சொல்லும். இரண்டுக்கும் முழு மதிப்பெண். ஆனால் இவற்றைப் படிக்கத் தெரிய வேண்டும். மலை மேய்ச்சல் நிலத்தில் ஒரு அலகு என்றால் ஒரு மண் என்று அர்த்தம் இல்லை. இரண்டு மூன்று மண்வகை பின்னிக் கிடக்கும், இது இத்தனை சதவீதம், அது இத்தனை சதவீதம் என்றுதான் சொல்வார்கள், எது எங்கே என்று கோடு கிழிக்க மாட்டார்கள். மக்காச்சோளக் காட்டுக்கு நடந்த அளவுக்கு நெருக்கமாக இங்கே குழி தோண்டிப் பார்க்கவும் ஆகாது. எங்கள் 35 ஏக்கருக்கு வந்தவை மொத்தம் இரண்டு நிறங்கள். எங்கே மாடு நின்று தின்னும், எங்கே நின்று பார்த்துவிட்டுப் போகும் என்று தெரிய வேண்டுமானால் இறங்கித் தோண்ட வேண்டியதுதான். தோண்டுவதற்கு முன் கூப்பிட வேண்டிய 811 என்ற தொலைபேசி எண்ணைக் கூப்பிட்டு, நிலத்தடியில் கேபிளோ குழாயோ இல்லை என்று தெரிந்துகொண்டு ஜூன் மாதத்தில் ஆரம்பித்தேன்.

முதல் குழி மேட்டில். புல் கணுக்கால் உயரம்கூட இல்லை. புளூ கிராமா என்ற புல், தலையில் சீப்பை ஒட்டவைத்ததுபோல் கதிர் விடும், தரையோடு தரையாகப் பாய் விரித்திருக்கும். ஆகரை நிறுத்தி, உடம்பைச் சாய்த்து வலப்பக்கமாகத் திருகினேன். முதல் நாலு அங்குலம் நன்றாகவே போனது. வேர் நாராகப் பின்னிய பழுப்பு மண், உதிர்த்தால் கேப்பைக் களி கிண்டும்போது விழும் சிறு கட்டிகள்போல் உருண்டு விழுந்தது. அதற்குப் பிறகு ஒரு கிரீச். பல்லைக் கூசவைக்கிற சத்தம். நகர்த்தி வைத்துத் திருகினேன், மறுபடியும் கிரீச். அன்று காலை மட்டும் ஏழு இடம். மிக ஆழமாகப் போனது 11 அங்குலம். ஏழாவது இடத்தில் பக்கெட்டின் இரண்டு வெட்டுப்பற்களில் ஒன்று உள்பக்கமாக மடங்கிவிட்டது.

அப்பா அந்த வருஷம் ஆறு மாத விசாவில் வந்திருந்தார். கம்பளித் தொப்பியும் என் கணவரின் குளிர்ச்சட்டையுமாக மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த உயரத்தில் பத்தடி நடந்தால் அவருக்கு மூச்சு வாங்கும். ஆனால் கண் ஆகர் மேலேயே இருந்தது.

“ஏந்தாயி, இதென்ன, கெணறு வெட்டுற எடத்துக்கு ஐஸ்கிரீம் கரண்டிய எடுத்துட்டு வந்தவ மாதிரி இருக்க? கடப்பாரை இந்த ஊர்ல விக்கமாட்டாகளா?”

விற்கிறார்கள். ஆறடி நீளம், 18 பவுண்டு எடை, ஒரு முனை உளி, மறுமுனை தட்டை. ஆகர் விலையில் கால்வாசிகூட இல்லை. மறுநாள் காலை, மடங்கிய பல்லின் எரிச்சலோடு அதே இடத்தில் கடப்பாரையும் மண்வெட்டியுமாக இரண்டடி ஆழக் குழி ஒன்று எடுத்தேன். அப்பா மூன்றே மூன்று தடவை எழுந்துவந்து, எந்தக் கல்லுக்கு அடியில் முனையைக் கொடுக்க வேண்டும் என்று மட்டும் காட்டிவிட்டு உட்கார்ந்தார். அந்த மூன்று கல்லும் சொல்லிவைத்ததுபோல் பெயர்ந்தன.

ஆகர் ஏன் நின்றது என்பது குழியைப் பார்த்ததும் புரிந்தது. மேற்கே மஸ்கிட்டோ மலைத்தொடரில் பனியுகத்துப் பனியாறுகள் அரைத்ததை, உருகிய நீர் உருட்டிக் கொண்டுவந்து சமவெளியில் கொட்டிய சரளைத் திட்டுகள் இங்கே நிறைய. எங்கள் மேடும் அந்த ஜாதிதான். மேலே நாலு அங்குலப் போர்வை, கீழே உருண்டைக் கல். மண்ணியலில் இரண்டு மில்லிமீட்டருக்கு மேலே இருந்தால் அது மண் இல்லை, கல். 75 மில்லிமீட்டர்வரை சரளை, 250 வரை காபிள் என்கிற உருண்டைக்கல், அதற்கு மேலே பெருங்கல், 600-ஐத் தாண்டினால் பாறாங்கல். மூன்றேகால் அங்குல வாய்க்குள் மூன்றங்குலக் கல் நுழையும் என்று நினைத்துத்தான் வாங்கினேன். நுழையாது. உள்ளே வளைந்திருக்கும் பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி அதில் பாதிதான். எலுமிச்சம்பழ அளவுக் கல் வந்தாலே வாய் அடைத்துக்கொள்ளும்.

தோண்டியதை அரை அங்குலக் கம்பிவலையில் சலித்து, கல்லைத் தனி வாளியிலும் மண்ணைத் தனி வாளியிலும் போட்டு எண்ணினேன். அஞ்சு வாளிக்கு மூணு வாளி கல்! மண்ணின் கன அளவில் 35 சதவீதத்துக்கு மேல் கல் இருந்தாலே அந்த மண்வகைக்கு ‘ஸ்கெலட்டல்’ என்ற அடைமொழி சேர்ந்துவிடும், எலும்புக்கூட்டு மண். கொலராடோவின் அடையாள மண்ணாகச் சொல்லப்படும் சீட்ஸ் என்ற மண்வகையும் இந்த எலும்புக்கூட்டு இனம்தான், மாநிலத்தின் தென்மேற்கு மலைச்சரிவுகளில் கிடப்பது. ஒரு மாநிலமே தன் அடையாளமாகக் கல்லு மண்ணைக் காட்டுகிறது என்று அந்த ஆகர் விற்றவருக்குத் தெரிந்திருந்தால் விளம்பரத்தில் ஒரு வரி எச்சரிக்கை போட்டிருப்பார்.

குழியில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. ஒன்றரை அடிக்குக் கீழே எடுத்த ஒவ்வொரு கல்லுக்கும் மேல்பக்கம் சுத்தமாக இருந்தது, அடிப்பக்கம் மட்டும் வெள்ளைப் பூச்சு. விரலால் சுரண்டினால் மாவாக வந்தது. அப்பா வாங்கிப் பார்த்து, “சுக்கான் இது” என்றார். ஒரு சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டேன், சோடா பாட்டில் திறந்ததுபோல் பொங்கியது. பனி உருகி இறங்கும் தண்ணீர், காற்றுப் புழுதியிலும் பாறைத்தூளிலும் உள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு கீழே போகிறது. கல்லைச் சுற்றி வழிந்து, அதன் அடிவயிற்றில் தொங்கி நிற்கிறது. அங்கேயே காய்ந்து சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போகிறது. ஆயிரக்கணக்கான வருஷம் இப்படி. மலைமேல் பெய்யும் பனியில் எவ்வளவு இந்த மேட்டுக்குள் இறங்குகிறது, எந்த ஆழத்தில் தீர்ந்துபோகிறது என்பதற்கு அந்த வெள்ளைக் கோடே கணக்குப்புத்தகம். ஆகரில் இந்தக் கல் ஒருநாளும் மேலே வராது. வந்தாலும் திருகித் தேய்ந்து, எது மேல் எது அடி என்று தெரியாமல் வரும். பக்கெட் ஆகரின் முதல் குறை இது. மண்ணைக் கொண்டுவரும், மண்ணின் கட்டுக்கோப்பைக் கொண்டுவராது. கட்டி எப்படி உடைகிறது, களி எங்கே படிந்து பளபளக்கிறது என்பதெல்லாம் பக்கெட்டுக்குள் பிசைந்த மாவாகிவிடும்.

இரண்டாவது குழி தாழ்வில். மேட்டிலிருந்து இறங்கினால் ஒரு பள்ளவாக்கு, வசந்தத்தில் மட்டும் ஈரம் ஓடும். புல் முழங்காலைத் தொட்டது. இங்கே ஆகர் விளம்பரப் படத்தில் பார்த்த ஆகராக மாறிவிட்டது. ஒரு நிரப்புக்கு ஆறேழு அங்குலம். நெடுக்கில் பிளந்த பிவிசி குழாயில் வரிசையாகக் கொட்டிக்கொண்டே போனேன். 14 அங்குலம்வரை கறுப்பு. அதற்குக் கீழே பழுப்புக் களி, விரலால் தள்ளினால் ஒன்றரை அங்குல நாடாவாக நீண்ட பிறகுதான் ஒடிந்தது. 30 அங்குலத்தில் துருப்பிடித்த புள்ளிகள், அதாவது வருஷத்தில் சிலநாள் அதுவரை தண்ணீர் தேங்குகிறது. நீட்டுக்கம்பியை மாட்டி 52 அங்குலம்வரை போனேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கடப்பாரையால் இதை ஒரு பகல் முழுக்கத் தோண்டியிருக்க வேண்டும். இந்தக் குழிக்காக மட்டும் ஆகருக்கு ஐந்துக்கு ஐந்து கொடுக்கலாம்.

கறுப்பைப் பார்த்ததும் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “கரிசலேதான் தாயி, பருத்தி போடலாம்” என்றார். இல்லை. அவருக்கு நான் ஒருதடவையாவது பாடம் நடத்தும் வாய்ப்பு, விடுவேனா? கரிசலின் கறுப்பு மக்கினால் வந்தது என்று நினைத்தால் ஏமாந்துபோவோம், அதில் கரிமம் குறைவு, களியோடு ஒட்டிய கொஞ்சத்திலேயே அத்தனை கறுத்திருக்கிறது. இந்த மலைப்புல்வெளியின் கறுப்பு முழுக்கப் புல்வேர். வருஷா வருஷம் வேர் சாகிறது. குளிரில் அது மக்குவதற்கு அவசரமே இல்லை. எந்த மாதத்திலும் உறைபனி விழக்கூடிய ஊர் இது. மக்கு சேர்ந்துகொண்டே போய், மண் கறுத்து, பொலபொலவென்று ஆகிவிடுகிறது. இந்த இன மண்ணுக்கு மாலிசால் என்று பெயர். அமெரிக்கப் பெருஞ்சமவெளியின் கோதுமை நிலமும் அதே இனம்தான். அங்கே உழவு, இங்கே மேய்ச்சல், வித்தியாசம் குளிரும் கல்லும். பருத்தி என்ன, தக்காளியே இங்கே தேறாது என்றேன். அப்பா அதற்குள் காற்றுக்குப் பயந்து வண்டிக்குள் போயிருந்தார்.

அப்பாவின் கரிசல் பிறகு கிடைத்தது, எங்கள் நிலத்தில் இல்லை, பண்ணைக்காரரின் கிழக்குத் துண்டில். அங்கே தரைக்கு அடியில் கல் கிடையாது, பியர் ஷேல் என்கிற களிப்பாறை. ஏறத்தாழ ஏழு கோடி வருஷத்துக்கு முன் இங்கெல்லாம் கடல் இருந்த காலத்தின் அடிச்சேறு. அது சிதைந்து உண்டாகும் களி தண்ணீர் குடித்தால் ஊதும், காய்ந்தால் வெடிக்கும். இங்குள்ளவர்கள் கம்போ என்பார்கள். மழை பெய்தால் அந்தப் பாதையில் வண்டி விடாதே என்று முதல் நாளே சொல்லிவிடுவார்கள். அப்பா ஒரு உருண்டை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்து, முகர்ந்து, “நெறம் வேற, கொணம் அதே” என்றார். சரியான பேச்சு. அந்தக் கம்போவில் ஆகரை இறக்கியது நான் செய்த முட்டாள்தனம். உள்ளே போனது. வெளியே வர நானும் பண்ணைக்காரரின் மகனும் ஆளுக்கொரு பக்கம் தூக்க வேண்டியிருந்தது. பக்கெட்டுக்குள் நிரம்பிய களி தட்டினாலும் விழவில்லை, குலுக்கினாலும் விழவில்லை, கடைசியில் வெண்ணெய்க் கத்தியால் சுரண்டினேன். பக்கவாட்டில் அகலமாகத் திறந்திருக்கும் களித்தலை என்று தனியாக விற்கிறார்கள், இந்த மண்ணுக்கு அதுதான். இன்னொன்று, இந்தப் பாறையின் மண்ணில் செலினியம் இருக்கக்கூடும், சில செடிகள் அதை உறிஞ்சிச் சேர்த்துவைக்கும், மாடு தின்றால் விஷம். மண்ணை வைத்து மாட்டைக் கணக்குப் போடுகிறவர்கள் புல்லின் எடையை மட்டும் பார்த்தால் போதாது.

இதற்கு நேர் எதிர், லேக் ஜார்ஜ் பக்கம் ஒரு தோழியின் மனை. வில்கர்சன் கணவாயைத் தாண்டி இறங்கினால் தரையே ரோஜா நிறம். பைக்ஸ் பீக் கிரானைட், நூறு கோடி வருஷத்துக்கு மேல் வயது. அது பாறையாக நிற்பதைவிட உதிர்வதில்தான் ஆர்வமாக இருக்கிறது. கையால் நொறுக்கக்கூடிய பருமணலாகிக் கிடக்கிறது. ஆகர் அதில் கரகரவென்று இரண்டடிக்கு மேல் இறங்கியது. சந்தோஷமாகத் தூக்கினால் பக்கெட் காலி. காய்ந்த பருமணல் அத்தனையும் கீழேயே நழுவி விழுந்துவிட்டது. அரைப் போத்தல் தண்ணீர் ஊற்றிக் காத்திருந்து திருகினால் கொஞ்சம் நிற்கும். அமிலம் விட்டேன், ஒரு குமிழிகூட இல்லை. எங்கள் மேட்டுக்கும் அந்த மனைக்கும் நடுவே ஒரு கணவாய், அவ்வளவுதான். அங்கே பாறைதான் மண்ணின் ஜாதகத்தை எழுதியிருக்கிறது.

திரும்ப எங்கள் 35 ஏக்கருக்கு வருகிறேன். மேட்டு மண்ணையும் பள்ள மண்ணையும் பைபோட்டு ஒரு ஆய்வகத்துக்கு அனுப்பினேன். அறிக்கை அழகாக வந்தது. மேட்டு மண்ணும் பரவாயில்லை, கரிமப்பொருள் இருக்கிறது, சாம்பல் சத்து இருக்கிறது, லோம் வகை, அதாவது மணலும் வண்டலும் களியும் கலந்த மண். லோம் என்றால் ஒரு அடிக்கு ஏறத்தாழ இரண்டு அங்குலத் தண்ணீர் பிடிக்கும், இரண்டடிக்கு நாலு அங்குலம் என்று கணக்குப் போட்டு, பண்ணைக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் என் காகிதத்தைப் பார்க்கவே இல்லை, குழிப் பக்கத்தில் குவித்திருந்த கல்லைப் பார்த்தார். அப்போதுதான் உறைத்தது. ஆய்வகத்தில் இரண்டு மில்லிமீட்டர் சல்லடையில் சலித்துவிட்டுத்தான் சோதிப்பார்கள். அந்த அறிக்கை என் நிலத்தில் ஐந்தில் இரண்டு பங்கைப் பற்றியது, மிச்சம் மூன்று பங்கு கல், சல்லடைக்கு மேலேயே நின்றுவிட்டது. நாலு அங்குலத் தண்ணீர் ஒன்றரை ஆனது. ஆய்வகத்தின் மேல் தப்பில்லை, அறிக்கையில் எழுதியே இருந்தது. கல்லு நிலத்துக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், எந்த எண்ணையும் நம்புவதற்கு முன் கல்லைக் கழித்துவிடுங்கள்.

இதனால் மேடு பயனற்றது என்று நினைக்கவேண்டாம். கல் இருக்கும் மண்ணில் சிறுதூறல் கல்லைச் சுற்றிக் குவிந்து கொஞ்சம் ஆழமாகவே இறங்குகிறது, மேற்கல் வெயிலையும் காற்றையும் மறைக்கிறது. மேய்ந்து தேய்ந்த சரிவில் மண்ணைப் பிடித்து நிறுத்தியிருப்பது அந்தக் கல்தான். ஆனால் அங்கே நாலு அங்குலப் போர்வை போனால் போனதுதான்.

பிறகு வந்த கோடையில் ஆகரை வேறுமாதிரி உபயோகித்தேன். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இருபது தப்படிக்கு ஒரு இடம் என்று நடந்து, ஒவ்வொரு இடத்திலும் அது எந்த ஆழத்தில் கிரீச் என்கிறதோ அந்த ஆழத்தைக் குறித்தேன். மொத்தம் 43 இடம். 9, 8, 11, 10, அப்புறம் திடீரென்று 31, அடுத்தது தொடவே இல்லை. கோடுபோட்டுப் பார்த்தால் கல் மண்ணும் கறுப்பு மண்ணும் பிரியும் எல்லை பாம்புபோல் வளைந்து ஓடியது. வரைபடத்தில் ஒரே நிறமாக இருந்த இடம் அது. பள்ளத்தின் பரப்பு ஆறு ஏக்கர் வந்தது, கல் மேடு 29.

புல்லையும் நிறுத்துப் பார்த்தேன். 9.6 சதுர அடி உள்ள வளையம் ஒன்றைப் போட்டு, உள்ளே உள்ள புல்லைக் கத்தரித்து, காயவைத்து, கிராமில் நிறுத்து, பத்தால் பெருக்கினால் ஏக்கருக்கு எத்தனை பவுண்டு என்று வந்துவிடும். கண்டுபிடித்தவர் யாராக இருந்தாலும் கைகுலுக்க வேண்டும். மேட்டில் சராசரி 28 கிராம், பள்ளத்தில் 140. அதாவது 29 ஏக்கர் மேடு மொத்தமாகத் தருவது 8,120 பவுண்டு, ஆறு ஏக்கர் பள்ளம் 8,400. அதில் கால் பங்கைத்தான் மாட்டின் வாய்க்குக் கணக்கில் எடுக்கச் சொல்கிறார்கள், மிச்சம் மிதிபட, காய, மண்ணுக்குத் திரும்ப. கன்றோடு ஒரு பசுவுக்கு மாதம் 780 பவுண்டு என்ற கணக்கில் வகுத்தால், ஐந்து பசு, ஒரு மாதம். அவ்வளவுதான் எங்கள் ‘பண்ணை’. பண்ணைக்காரர் புல்லைப் பார்த்தே மனசுக்குள் வைத்திருந்த எண்ணும் ஐந்துதானாம். முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

இப்போது பொருளைப் பற்றி.

உருக்கு நல்ல உருக்கு. மடங்கிய பல்லைச் சுத்தியலால் நிமிர்த்தி அரம் வைத்துத் தீட்டினேன், இன்றுவரை தாக்குப்பிடிக்கிறது. கைப்பிடியின் ரப்பர் உறை முதல் குளிர்காலத்திலேயே வெடித்துவிட்டது, இப்போது சைக்கிள் டேப் சுற்றியிருக்கிறேன். மரைகள்தான் பெரிய தலைவலி. வலப்பக்கமாகவே திருகிக்கொண்டிருப்பதால் கம்பியும் தலையும் ஒன்றுக்குள் ஒன்று இறுகி, மாலையில் கழற்றவே முடியாது. ஒவ்வொருதடவையும் மாட்டுவதற்கு முன் மரையைத் துடைத்து ஒரு துளி எண்ணெய் விட வேண்டும். ஒரு மணல்பரல் சிக்கினாலும் போச்சு. கம்பியில் ஆழ அளவு பொறிக்கவில்லை, நானே ஆறு அங்குலத்துக்கு ஒரு வண்ண டேப் ஒட்டினேன். இந்த விலைக்கு அதைக்கூடவா நாம் செய்ய வேண்டும்?

உபயோகிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒவ்வொரு பக்கெட்டிலும் மேல் ஒரு அங்குலத்தைத் தட்டி எறிந்துவிடுங்கள். அது குழியின் பக்கச் சுவரிலிருந்து உதிர்ந்து விழுந்த மேல்மண், சோதனைக்கு அனுப்பினால் கீழ்மண்ணை இல்லாத வளமாகக் காட்டும். துளையை உடனே மூடுங்கள், மாட்டுக் கால் பட்டால் ஒடிந்துவிடும். ஈரப் புல்வெளி எல்லாவற்றிலும் இதைத் திருகிப் பார்க்கும் ஆசை வேண்டாம். ஃபேர்பிளேக்குத் தெற்கே ஹை கிரீக் ஃபென் போன்ற இடங்களில் உள்ள கரிச்சதுப்பு, அதாவது ஈரத்தில் முழுக்க மக்காமல் சேர்ந்த செடிப்படுகை, ஆயிரம் வருஷத்துக்குச் சில அங்குலம் என்ற வேகத்தில் வளர்ந்தது.

யாருக்கு வாங்கச் சொல்வேன்? ஆற்றோரம், பள்ளவாக்கு, வைக்கோல்புல் வெட்டும் வயல் வைத்திருப்பவர்களுக்கு, கண்ணை மூடிக்கொண்டு. சரளை மேட்டுக்காரர்களுக்கு வேண்டாம். நான் செய்த அந்த 43 இட வேலையைக்கூட முனை தீட்டிய ஒரு இரும்புக்கம்பியும் சுத்தியலும் செய்திருக்கும், பத்து டாலர் ஆகியிருக்கும். கிரானைட் மணலா, மணல்தலை தனியாக வாங்க வேண்டும். ஷேல் களியா, களித்தலை. மூன்று தலையும் சேர்த்தால் ஆகும் செலவுக்கு, பக்கத்துப் பண்ணைக்காரரின் சின்ன டிராக்டரை ஒரு மணி நேரம் வாடகைக்குக் கேட்டு மூன்று குழி எடுத்துவிடலாம், மண்ணின் முகத்தையும் நேரில் பார்த்துவிடலாம். ஆனால் டிராக்டர் அந்தப் பாய்ப்புல்லின்மேல் ஒருதடவை திரும்பினால் அந்தத் தடம் பல வருஷம் இருக்கும். அதனால் நான் கேட்கவில்லை.

என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்று. பள்ளத்துக்கு ஐந்து, மேட்டுக்கு ஒன்று, சராசரி. அப்பா ஊருக்குப் போன பிறகு போனில் பேசும்போதெல்லாம் கடப்பாரை துருப்பிடிக்காமல் இருக்கிறதா என்று விசாரிக்கிறார், ஆகரைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாங்குவதாக இருந்தால் கூடவே பைப் ரெஞ்ச் வாங்கிவிடுங்கள். இரண்டு வேண்டும், ஒன்று போதாது.